ஆயில் மாற்றிய பிறகும் போலோவில் ஸ்பேனர் விளக்கு போகவில்லை

வைகைக்கரை | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.2 பெட்ரோல். போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டு வாரமாகச் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஒரு ஸ்பேனர் படம் வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறது. சர்வீஸ் நேரம் வந்துவிட்டது என்று புரிந்தது. இன்று காலை எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் விட்டு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினேன். மீட்டரில் 58,400 கி.மீ.

மாலையில் வண்டியை எடுத்தால் அதே ஸ்பேனர். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "சார், இது சென்சார் பிரச்சினை. கம்ப்யூட்டர் போட்டுத்தான் எடுக்கணும், 1,200 ஆகும்" என்கிறார். ஆயிலை உண்மையிலேயே மாற்றினாரா என்றே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. திங்கள்கிழமை குடும்பத்தோடு மதுரையிலிருந்து திருச்செந்தூர் போக வேண்டும். இந்த விளக்கோடு ஓட்டலாமா? நானே எடுக்க முடியுமா?

ஓஎம்ஆர் வாசி | சனி, இரவு 9.32

1,200 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் பாஸ். என்னிடம் இருந்ததும் போலோதான், ஆறு வருடம் ஓட்டினேன். சென்சாரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆயில் மாற்றியதை வண்டிக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீட்டரில் இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் பட்டன், அதில் 0.0 என்றும் செட் என்றும் போட்டிருக்கும். இன்னொன்று கடிகார பட்டன். சாவி ஆஃபில் இருக்கும்போதே 0.0 பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இப்போது 0.0 பட்டனை விட்டுவிட்டு, 20 நொடிக்குள் கடிகார பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். முடிந்தது.

வண்டியோடு வந்த கையேட்டிலும் இது இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பெரும்பாலும் கையேடு மட்டும் வராது என்பது வேறு விஷயம்.

வைகைக்கரை | சனி, இரவு 10.05

இப்போதுதான் கீழே இறங்கிப் போய் முயற்சி செய்துவிட்டு வந்தேன். ஸ்பேனர் போகவில்லை. கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. மனைவி பால்கனியில் நின்று சிரிக்கிறாள்.

ஓஎம்ஆர் வாசி | சனி, இரவு 10.11

சாவியை ஆன் செய்த பிறகு 0.0 பட்டனை அழுத்தியிருப்பீர்கள். முதலில் பட்டன், அப்புறம்தான் சாவி. வரிசை மாறினால் அது வெறும் டிரிப் பட்டன், வெறும் கடிகார பட்டன்.

கொங்குக்காரன் | சனி, இரவு 10.40

பேட்டரி வயரை ஒரு பத்து நிமிடம் கழற்றிப் போட்டு மாட்டினால் தானாகப் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். முயற்சி செய்து பாருங்கள்.

ஓஎம்ஆர் வாசி | சனி, இரவு 10.48

வேண்டாம் அண்ணே. சர்வீஸ் கணக்கு மீட்டரின் நினைவகத்தில் இருக்கிறது, கரண்ட் போனாலும் அழியாது. ஓடிய கி.மீ. எப்படி அழிவதில்லையோ அப்படித்தான். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் போகும், ரேடியோ சிலசமயம் ரகசிய எண் கேட்கும், ஸ்பேனர் மட்டும் அங்கேயே இருக்கும். பேட்டரி ரொம்ப நாள் கழற்றிக் கிடந்தால் இன்னொரு வம்பு: எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு நின்றுபோகும், கி.மீ. கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, காலை 6.15

தம்பி வைகைக்கரை, விளக்கை அப்புறம் அணைத்துக்கொள்ளலாம். முதலில் பானட்டைத் திறந்து, ஆயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாயா? ஆயில் மாற்றினாரா என்று சந்தேகம் என்கிறாய். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற சாமான் இன்ஜினிலேயே சொருகியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறாய்.

சமதரையில் நிறுத்து. இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடமாவது விடு, மேலே ஏறிய ஆயில் சேம்பருக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்க வேண்டும். ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் சொருகி எடு. இரண்டு குறிக்கும் நடுவில் இருக்கிறதா, நிறம் எப்படி இருக்கிறது, இரண்டையும் இங்கே எழுது. பெட்ரோல் வண்டியில் நேற்று ஊற்றிய ஆயில் தேன் நிறத்தில்தான் இருக்கும். டீசலாக இருந்தால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, புது ஆயிலும் ஒரே நாளில் கறுத்துவிடும்.

கொங்குக்காரன் | ஞாயிறு, காலை 7.50

ஃபோர்மன் ஐயா சொல்வது சரி. நான் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவன். விற்பனைக்கு வரும் வண்டிக்கு முதலில் நடப்பது கழுவல், இரண்டாவது இந்த விளக்கை அணைப்பது. ஆயில் மாற்றுவது பட்டியலிலேயே கிடையாது. மீட்டரில் "அடுத்த சர்வீஸுக்கு 15,000 கி.மீ." என்று காட்டும், உள்ளே தார் மாதிரி ஆயில் ஓடிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் மீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். ஸ்டிக்கை உருவிப் பார்த்த ஆள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

தம்பி போலோவை வாங்கும்போது கடைசி சர்வீஸ் பில் வாங்கினாரா?

வைகைக்கரை | ஞாயிறு, காலை 8.20

பில் இல்லை அண்ணே. "இப்பத்தான் சர்வீஸ் பண்ணினது" என்று சொன்னார்கள். மீட்டரும் அப்படித்தான் காட்டியது.

மகன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போய் வந்ததும் ஸ்டிக்கைப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா.

மஸ்கட் ஓட்டுநர் | ஞாயிறு, காலை 8.55

அது வரைக்கும் என் கதை. நான் இங்கே ஒரு வீட்டில் ஓட்டுநர், முதலாளி வண்டி ஷெவர்லே டாஹோ. அதில் பட்டனே தேவையில்லை. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஆக்ஸிலரேட்டரை ஐந்து நொடிக்குள் மூன்று முறை தரை வரை மிதித்து விட வேண்டும். ஆயில் விளக்கு இரண்டு தடவை மின்னிவிட்டுப் போகும். முதல் முறை நான் செய்ததைப் பார்த்த முதலாளி, நிற்கிற வண்டியை நான் சும்மா ரேஸ் விடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தார்.

ஜெனரல் மோட்டார்ஸ்காரன் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. வெறும் கி.மீ. எண்ணுவதில்லை. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் சுற்றியது என்று பார்த்து, ஆயிலுக்கு மிச்சம் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வரும். ஆனால் அதற்கும் ஆயிலைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. மாற்றாமலே மூன்று முறை மிதித்தாலும் 100 என்றுதான் காட்டும்.

நியூஜெர்சி நளினி | ஞாயிறு, காலை 9.30

இங்கே சனி இரவு, தூக்கம் வரவில்லை, அதனால் நானும் வருகிறேன். என்னுடைய ஹோண்டாவிலும் அதே சதவீதக் கணக்குதான். 15 சதவீதத்துக்கு இறங்கியதும் மஞ்சள் ஸ்பேனரோடு ஒரு எழுத்தும் எண்ணும் வரும். ஏ என்றால் ஆயில் மட்டும். பி என்றால் ஆயில், ஃபில்டர், கூடவே பிரேக் முதலானவற்றின் பரிசோதனை. பக்கத்தில் 1 வந்தால் டயர்களை இடம் மாற்ற வேண்டும், 2 வந்தால் ஏர் ஃபில்டர், 3 கியர் ஆயில், 4 ஸ்பார்க் பிளக். இந்தப் பட்டியலை நான் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஏனென்றால் முதல் தடவை "ஏ1" என்று வந்தபோது சர்வீஸ் சென்டரில் ஆயிலும் டயரும் தவிர இன்னும் ஐந்து வேலை சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். மீட்டர் கேட்டது இரண்டு, அவர்கள் கேட்டது ஏழு.

கணவருடைய டொயோட்டா அதற்கு நேர்மாறு. அதில் மெயின்டனன்ஸ் விளக்கு 4,500 மைலில் மின்ன ஆரம்பித்து 5,000 மைலில் நிலையாக எரியும். அதே வண்டிக்குச் சொல்லியிருக்கும் சிந்தெடிக் ஆயிலோ 10,000 மைல் வரை தாங்கும். அப்புறம் எதற்கு 5,000-ல் எரிகிறது என்றால், டயர்களை இடம் மாற்றவும் மற்றதைப் பார்க்கவும். அவர் இரண்டு வருடம் ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும் நல்ல ஆயிலை வடித்துக் கொட்டினார். நான் கையேட்டைப் படித்துச் சொன்ன பிறகும் இன்னொரு தடவை கொட்டினார், கௌரவத்துக்காக.

அதை அணைப்பதும் போலோ மாதிரிதான். சாவி ஆஃபில் டிரிப் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து, எண்கள் பூஜ்யமாகும் வரை விடக் கூடாது. மீட்டரில் முன்கூட்டியே ஓடோ (மொத்தம் ஓடிய தூரம்) வைத்திருக்க வேண்டுமா, டிரிப் ஏ வைத்திருக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

செங்கல்பட்டு ஈகோஸ்போர்ட் | ஞாயிறு, காலை 10.05

இடையில் என் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு ஈகோஸ்போர்ட், மறைமலைநகர் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. கம்பெனி இங்கே உற்பத்தியை நிறுத்திய பிறகு வெளியில்தான் சர்வீஸ் பார்க்கிறேன். "ஆயில் மாற்றவும்" என்று வருகிறது. எந்தப் பட்டனைப் பிடித்தாலும் போகவில்லை.

ஓஎம்ஆர் வாசி | ஞாயிறு, காலை 10.14

உங்களுக்குப் பட்டன் இல்லை, கால்தான். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே நேரத்தில் முழுக்க மிதித்துப் பிடியுங்கள். கிட்டத்தட்ட 25 நொடி. ரீசெட் ஆகிறது என்று எழுத்து வரும், முடிந்தது என்று வரும் வரை காலை எடுக்கக் கூடாது. பலர் பத்து நொடியில் கால் வலித்து விட்டுவிடுவார்கள்.

செங்கல்பட்டு ஈகோஸ்போர்ட் | ஞாயிறு, காலை 10.31

போய்விட்டது! ஹார்மோனியம் மிதிப்பது மாதிரி இருந்தது. நன்றி.

கொங்குக்காரன் | ஞாயிறு, காலை 10.50

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டன் வித்தையை யோசித்துச் செய்யுங்கள். அதில் புகையை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசல் அடிக்கும், அதில் கொஞ்சம் இறங்கி ஆயிலோடு கலக்கும். சிட்டிக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டினால் இது அதிகம். ஆயில் குறைவதற்குப் பதிலாக ஸ்டிக்கில் மட்டம் ஏறும். அந்த நிலையில் ஆயில் மாற்றச் சொல்லி விளக்கு சீக்கிரமே வந்தால் அது சும்மா கேலண்டர் கணக்கு இல்லை. ஆயிலை மாற்றாமல் அதை அணைத்தால் பேரிங்குக்குக் கேடு.

ஓஎம்ஆர் வாசி | ஞாயிறு, காலை 11.20

எச்சரிக்கை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டு விளக்கைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பேனர் வேறு, சிவப்பு நிற ஆயில் கேன் வேறு. அலாவுதீன் விளக்கு மாதிரி மூக்கும் ஒரு சொட்டும் இருக்குமே, அது.

என் நண்பன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டியின் வயிற்றை இடித்தான். சேம்பரில் விரிசல். கொஞ்ச தூரத்தில் சிவப்பு கேன் எரிந்தது. "ஆயில் சர்வீஸ் வந்துடுச்சு போல, திங்கள்கிழமை விடலாம்" என்று எட்டு கி.மீ. ஓட்டினான். இன்ஜின் ஜாம். அந்த விளக்கு சொன்னது ஆயில் பழசு என்றல்ல, ஆயில் பிரஷர் இல்லை என்று. எரிந்த அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைத்திருந்தால் சேம்பர் செலவோடு போயிருக்கும். இன்ஷூரன்ஸில் கேட்டதற்கு, இடித்ததால் உடைந்த சேம்பருக்குத் தருகிறோம், அதற்குப் பிறகு ஓட்டிக் கெடுத்துக்கொண்ட இன்ஜினுக்குத் தர முடியாது என்றார்கள். இன்ஜினுக்கான தனி கவர் அவன் எடுக்கவில்லை.

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, பகல் 12.05

31 வருடம் பஸ் டெப்போவில் இருந்தேன். இந்த ஸ்பேனர் கின்பேனர் எதுவும் அப்போது கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ரிஜிஸ்டர். எத்தனை கி.மீ.-யில் மாற்றினோம், யார் மாற்றினது, கையெழுத்து. அந்த ரிஜிஸ்டரைத்தான் இப்போது மீட்டருக்குள் வைத்திருக்கிறார்கள், கையெழுத்தை மட்டும் காணோம். போலோ மாதிரி வண்டியில் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மணி அடிக்கும். உள்ளே ஆயில் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால் இந்த 15,000-ஐயும் நான் வேதவாக்காக எடுக்கமாட்டேன். மதுரை டிராஃபிக்கில், மே மாத வெயிலில், முதல் கியரில் நகர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு 10,000-த்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஓஎம்ஆர் வாசி | ஞாயிறு, பகல் 12.30

இதில் மட்டும் உடன்பாடு இல்லை ஐயா. கம்பெனி குறிப்பிட்ட தரத்தில் ஆயில் ஊற்றினால், என் போலோவுக்கு 5டபிள்யூ-40, ஃபோக்ஸ்வேகன் 502 00 என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும், அப்படி ஊற்றினால் 15,000 தாங்கும். ஆறு வருடம் தாங்கியது. முன்கூட்டியே மாற்றுவதில் மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, பகல் 12.44

நீ ஓடியது ஓஎம்ஆர் ரோட்டில், வருடத்துக்கு எத்தனை கி.மீ.?

ஓஎம்ஆர் வாசி | ஞாயிறு, பகல் 12.51

ஏழாயிரம், எட்டாயிரம்.

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, பகல் 12.53

அப்போது நீ 15,000-ஐப் பார்த்ததே இல்லை. ஒரு வருடக் கணக்கில் எட்டாயிரத்தில் மாற்றியிருக்கிறாய். நான் சொன்னதைத்தான் ஆறு வருடம் செய்திருக்கிறாய் தம்பி.

நியூஜெர்சி நளினி | ஞாயிறு, பகல் 1.00

😂 நான் தூங்கப் போகிறேன்.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 4.40

ஐயா, ஸ்டிக்கைப் பார்த்தேன். நிறம் தேன் நிறம்தான், புது ஆயில். பாவம், மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டுவிட்டேன். ஆனால் மட்டம் மேல் குறிக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. மூன்று தடவை துடைத்துப் பார்த்தேன், அதேதான். அதிகமாக இருப்பது நல்லதுதானே?

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, மாலை 4.58

நல்லதில்லை. வண்டியை எடுக்காதே. கேனில் வந்ததை எல்லாம் ஊற்றியிருக்கிறார், உன் மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு அது அதிகம். மட்டம் அவ்வளவு ஏறினால், உள்ளே சுழல்கிற கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கி, மோர் கடைகிற மாதிரி அதைக் கடையும். நுரை வந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், பேரிங்குக்கு ஆயில் ஒழுங்காகப் போகாது. இன்னொரு பக்கம் ஆவியாக மேலே ஏறி எரிந்து, சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலையைக் கேட்டால் 1,200 ரூபாயை மறந்துவிடுவாய்.

திருச்செந்தூர் 180 கி.மீ. இருக்கும். இப்படியே போகாதே. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல். ஸ்டிக் துளை வழியே குழாய் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கலாம். இல்லையென்றால் டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடிக்க வேண்டும். வடித்தால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல், பழையதைப் போட்டால் சொட்டும்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.15

வந்தார். முதலில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். ஸ்டிக்கைக் காட்டியதும் பேச்சு நின்றது. சிரிஞ்சும் குழாயும் வைத்து உறிஞ்சினோம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு வந்தது. இப்போது மட்டம் மேல் குறிக்குச் சற்றுக் கீழே. காசு வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார்.

அப்புறம் அவர் முன்னாலேயே 0.0 பட்டனை முதலில் பிடித்து, சாவி ஆன் செய்து, பட்டனை விட்டு, கடிகார பட்டனைத் தொட்டேன். ஸ்பேனர் போய்விட்டது. அவர் இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னார். இரண்டாவது தடவை வேண்டாம், சர்வீஸுக்கு நடுவில் சும்மா சும்மா அழுத்தினால் கணக்கு குழம்பும் என்று சொல்லிவிட்டேன். போனில் எழுதிக்கொண்டு போனார்.

ரிட்டயர்டு ஃபோர்மன் | ஞாயிறு, இரவு 8.30

நல்லது. ஒரு சின்ன அட்டையில் தேதி, 58,400, ஆயில் பெயர், கிரேடு எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டிவிடு. கையெழுத்தும் போடு. நாளைக்குத் தூத்துக்குடி தாண்டி எங்காவது நிறுத்தும்போது ஒரு தடவை ஸ்டிக்கைப் பார்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.37

சரி ஐயா. கடிகாரத்தையும் சரிசெய்துவிட்டேன்.

புதுக்கோட்டை பையன் | திங்கள், காலை 7.05

வணக்கம் அண்ணன்களே, இழையை முழுக்கப் படித்தேன். அப்பாவின் மாருதி 800-ல் இந்த ஸ்பேனர் விளக்கு எந்தப் பக்கம் இருக்கும்? எந்தப் பட்டனைப் பிடிக்க வேண்டும்?

ரிட்டயர்டு ஃபோர்மன் | திங்கள், காலை 7.20

அதில் ஸ்பேனர், டூல் பையில் இருக்கும். அப்பாவிடம் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார் என்று கேட்டுவிட்டு வா.